லினக்ஸ் நிறுவியின் கண்ணுக்குத் தெரியாத எஸ்எஸ்டி

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் என் தங்கை மகனின் மடிக்கணினியில், விண்டோஸை வைத்துக்கொண்டே உபுண்டு என்ற லினக்ஸ் வகையையும் நிறுவ முனைந்தபோது, பென்டிரைவிலிருந்து லைவ் அமர்வு (நிறுவாமலே உபுண்டுவை இயக்கிப் பார்க்கும் வசதி) தடையின்றித் தொடங்கியதே தவிர, நிறுவியின் வட்டுப் பட்டியலில் கணினிக்குள் இருந்த சேமிப்பு வட்டான எஸ்எஸ்டியைக் காணவில்லை. 'பென்டிரைவ்தான் கோளாறு மாமா, எஸ்.பி. ரோட்டில் வேறொன்று வாங்கிவிடலாம்' என்றான் அவன். லைவ் அமர்வு வரை வந்துவிட்ட பென்டிரைவின் மீது பழி போடுவதில் பொருளில்லை என்பது என் கருத்து.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதும் dmesg பதிவைப் புரட்டியபோது விடை அங்கேயே இருந்தது: வேறு வழியாக மாற்றி இணைக்கப்பட்ட (remapped) என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்று உள்ளது, அதைப் பயன்படுத்த பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) வட்டை அணுகும் முறையை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றுக என்று கெர்னலே எழுதியிருந்தது. ரெய்டு நிலையில் இன்டெலின் ஆர்எஸ்டி என்ற வட்டு மேலாண்மை முறை வட்டைத் தன் கட்டுப்பாட்டுக்குள் வைத்துக்கொள்வதால் லினக்ஸால் அதை நேரடியாக அணுக முடிவதில்லை.

ஆனால் எடுத்த எடுப்பில் மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல், பிழை காட்டும் நீலத்திரையில் நின்றுவிடக்கூடும். ஆகவே விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் கேட்கக்கூடிய 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதிக்கொண்டு, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் சேஃப் பூட்டை (அடிப்படை டிரைவர்களுடன் மட்டும் தொடங்கும் முறை) தேர்ந்து, மறுதொடக்கத்தின்போதே பயாஸுக்குள் நுழைந்தோம். ரெய்டு, ஏஎச்சிஐ ஆகியவற்றுள் ஒன்றைத் தேரும் சாட்டா மோடு என்ற வரியே அங்கு இல்லை; மெயின் பக்கத்தில் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திய பின்னரே அது வெளிப்பட்டது (இதை ஏன் ஒளித்து வைக்கிறார்களோ!). ஏஎச்சிஐக்கு மாற்றியதும் விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து உரிய டிரைவரை ஏற்றிக்கொண்டது. பிறகு சேஃப் பூட்டை நீக்கிவிட்டு, அதே பென்டிரைவால் உபுண்டுவை நிறுவினோம்.