சிறுமூளை மாதிரியில் ஒரு தாமதப் பிழை: என் அனுபவம்

சிறுமூளைப் புறணியின் துகளடுக்கை (துகள் செல்கள் எனும் சிறு நரம்புச் செல்கள் நிறைந்த அடுக்கை) நியூரான் என்ற கணினி மென்பொருளில் மாதிரியாக்கிக்கொண்டிருந்தபோது, துகள் செல்களைத் தடுக்கும் கோல்கி செல்கள் அனைத்தும் அணிவகுப்பில் கால் வைப்பதுபோல ஒரே கணத்தில் துடிப்பதையும், துடிப்பு வரைபடத்தில் புள்ளிகள் கம்பி நட்டதுபோலச் செங்குத்துக் கோடுகளாக நிற்பதையும் கண்டேன். இந்த வலையமைப்பில் ஒத்திசைவு எதிர்பார்க்கத்தக்கதே. 1998இல் ஆய்வாளர்கள் மேக்ஸும் டி ஷுட்டரும் வெளியிட்ட மாதிரியும் அதைக் காட்டியது. அதனாலேயே இதில் பிழை இல்லை என்று நம்பி இரண்டு வாரம் ஏமாந்தேன்.

பிறகு, தடுப்பு இணைப்புகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு துகள் செல்லைத் தூண்டி, அதன் இணையிழையில் (கோல்கி செல்களுக்குத் துடிப்பைக் கொண்டுசெல்லும் நீண்ட இழையில்) 30 மைக்ரோமீட்டர் தொலைவிலும் 600 மைக்ரோமீட்டர் தொலைவிலும் இருந்த இரு கோல்கி செல்களில் சினாப்ஸ் (செல்கள் இணையும் இடம்) மின்னோட்டம் எப்போது தொடங்குகிறது என்று பார்த்தேன். தொலைவில் உள்ளதில் தாமதமாகத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் இரண்டிலும் ஒரே காலப்படியில், அதாவது 0.025 மில்லிநொடிக்குள் தொடங்கியது.

பிழை அலகில் இருந்தது. கடத்து வேகத்தை நொடிக்கு 0.3 மீட்டர் என வைத்திருந்தேன். அது மில்லிநொடிக்கு 300 மைக்ரோமீட்டர். நிரலில் நான் எழுதியிருந்ததோ 3,00,000. ஆகவே 600 மைக்ரோமீட்டருக்கு 2 மில்லிநொடியாக இருக்க வேண்டிய தாமதம் 0.002 ஆகச் சுருங்கியிருந்தது. மென்பொருள் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை.

எண்ணைத் திருத்தியதோடு, எல்லாச் செல்களும் -65 மில்லிவோல்ட்டிலேயே தொடங்காதபடி தொடக்க மின்னழுத்தத்தையும் சிதறவிட்டேன். கோடுகள் கலைந்தன. அருகருகே உள்ள செல்கள் இன்னும் ஓரளவு சேர்ந்தே துடிக்கின்றன. இந்த ஒத்திசைவை நம்பலாம் என்றே கருதுகிறேன். இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் மிகக் குறைந்த தாமதத்தையும் மிகக் கூடிய தாமதத்தையும் திரையில் வரவழைத்துப் பார்த்துவிடுகிறேன்.