குழந்தையின் தலைச் சப்பையை முப்பரிமாணத்தில் அளக்கும்போது எங்கே பிசகுகிறது?

பின்தலை ஒரு பக்கம் சப்பையான குழந்தைக்குக் கோணல் எவ்வளவு என்பதை நெற்றியின் ஒரு பக்கத்திலிருந்து பின்தலையின் எதிர்ப்பக்கத்துக்குக் குறுக்காக அளக்கும் இரண்டு மூலைவிட்டங்களின் வித்தியாசம்தான் சொல்கிறது. ஒன்று 140 மி.மீ., மற்றது 130 மி.மீ. என்று வையுங்கள். வித்தியாசத்தை நீளமானதால் வகுத்தால் 7.1 சதவீதம், குட்டையானதால் வகுத்தால் 7.7. இரண்டு வழக்கமும் இருக்கிறது. இந்த மூலைவிட்டம், தலையை இடம் வலமாகப் பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலா 40 பாகையிலா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். இவற்றைக் குறிக்காத அறிக்கையை வேறோர் அறிக்கையோடு ஒப்பிடாதீர்கள்.

ஸ்கேன் எடுக்கும்போது முடியை அமுக்கப் போடும் தொப்பி இறுக்கமான மெல்லிய பின்னல் துணியாக இருக்கட்டும். உள்ளே முடி சுருண்டு நின்றால் அதுவும் மண்டையாகவே பதிவாகும். காதை மூடினால் அடையாளப் புள்ளியே போச்சு. கையால் சுற்றி எடுக்கும் ஸ்கேனர் என்றால் நெற்றியின் எண்ணெய்ப் பளபளப்பையும் பெரிய மைப் பொட்டையும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தில் அங்கே ஓட்டை விழும். நடுவில் குழந்தை தலையைத் திருப்பினால் காது இரட்டையாக விழும். மென்பொருள் அதை வழவழப்பாக்கி மறைப்பதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது நடுக்கோடு. சப்பையான பக்கத்துக் காது பெரும்பாலும் முன்னால் தள்ளியிருக்கும். இரு காதையும் இணைத்து அதற்குச் செங்குத்தாக நடுக்கோடு போட்டால் கோடே திரும்பிவிடும்: காதுகளுக்கு இடையே 120 மி.மீ., ஒரு காது 8 மி.மீ. முன்னால் என்றால் ஏறக்குறைய 4 பாகை. மூலைவிட்டங்கள் வேறு இடத்தில் போய் முட்டும். மூக்கின் வேரிலிருந்து இரு காதுகளின் நடுப்புள்ளிக்குக் கோடு போட்டால் இந்தத் திருகல் வராது. தலையின் எந்த உயரத்தில் குறுக்காக வெட்டி அளக்கிறோம் என்பதும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும்.

மறுபரிசோதனையில் இரண்டு படங்களையும் முழுப் பரப்பாகப் பொருத்தச் சொன்னால், மென்பொருள் வித்தியாசத்தைத் தலை முழுக்கப் பங்குபோட்டுவிடும். மூக்கின் வேரையும் காதுகளையும் வைத்துப் பொருத்துங்கள். தலை வளர்ந்து நீண்ட மூலைவிட்டம் 150 ஆகி, வித்தியாசம் அதே 10-ல் நின்றாலும் சதவீதம் 6.7-க்கு இறங்கும். சப்பை அப்படியேதான் இருக்கிறது. அதனால் மில்லிமீட்டரையும் சேர்த்து எழுதுங்கள்.

மேற்பரப்புப் படத்துக்கு எலும்புப் பொருத்து, அதாவது மண்டை எலும்புகள் சேரும் இணைப்பு, தெரியாது; அது முன்கூட்டியே மூடியதால் வந்த சப்பையா என்பதை வடிவத்தைப் பார்த்துத்தான் சந்தேகிக்க முடியும். மேலிருந்து பார்க்கையில் தலை இணைகரம் போலச் சாய்ந்திருந்தால் படுக்கையால் வந்த சப்பையாக இருக்க வாய்ப்பு அதிகம். சப்பைப் பக்கமே காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்து, பின்னாலிருந்து பார்க்கையில் மண்டையின் அடி சாய்ந்திருந்தால், தலை வடிவத்தைச் சரிசெய்யப் போடும் ஹெல்மெட்டுக்கு அளவெடுப்பதற்கு முன் குழந்தையை நரம்பியல் அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.