ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு டிராக் கொடுங்கள், வீட்டு வாசலைக் கொடுக்காதீர்கள்

நம் ஊர்ச் சந்துகள் பல, யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இன்னும் ஏறவில்லை. ஏறியவற்றிலும் வளைவு தப்பியவை நிறைய. நடந்தோ வண்டியிலோ போய் எடுத்த ஜிபிஎஸ் டிராக், அதாவது போன வழியைப் புள்ளி புள்ளியாகப் பதிந்த ஃபைல், இதைச் சரிசெய்யப் பெரிய உதவி. ஆனால் நீங்கள் எந்த வாசலிலிருந்து, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்பதும் அதே ஃபைலில்தான் இருக்கிறது. தெருவைக் கொடுத்துவிட்டு வாசலை வைத்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

தேவை: டிராக்கைப் பதிய போனில் ஆஸ்மேண்ட் என்ற வரைபடச் செயலி, அதை வெட்டக் கணினியில் ஜிபிஎஸ்பேபல் என்ற மென்பொருள். இரண்டும் இலவசம். ஆஸ்மேண்டை, திறமூலச் செயலிகளின் கடையான எஃப்-டிராய்டிலிருந்து எடுப்பதே நல்லது. வரைபடம் இறக்க அதில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. டிராக்கை வெட்டித்தரும் இணையதளங்களும் உண்டு. வெட்டாத ஃபைலை அவற்றில் போட நான் சொல்லமாட்டேன். மறைக்கவேண்டியதை மறைக்கும் வேலை உங்கள் கணினிக்குள்ளேயே முடியட்டும். ஜிபிஎஸ்பேபலை நிறுவியதும் பிரிஃபரன்சஸ் போய், யூசேஜ் டேட்டா அனுப்பும் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

1. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

டிராக் சேமிக்கப்படும் ஜிபிஎக்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்தால் போதும், எல்லாமே வெறும் எழுத்துதான். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என நான்கு விவரங்கள் இருக்கும். தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் என்றால் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நுணுக்கம். போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும் என்று ஆறுதல் கொள்ளவேண்டாம். 5 விநாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்துவிட்டு, கேட்டைப் பூட்டி, ஹெல்மெட் மாட்ட மூன்று நிமிடம் நின்றால் வாசலில் மட்டும் 36 புள்ளிகள் குவியும். அந்தக் குவியலின் நடுவில் இருப்பது உங்கள் வீடு.

2. 'பிரைவேட்' என்ற பெயரை நம்பவேண்டாம்

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. டிராக்கை அப்லோடு செய்யும்போது நான்கு தெரிவுகள் வரும்.

பிரைவேட்: டிராக் உங்கள் பெயரில் பட்டியலில் வராது. ஆனால் அதன் புள்ளிகள், நேரமும் வரிசையும் இல்லாமல், பொது ஏபிஐ (பிற செயலிகள் தரவை எடுத்துக்கொள்ளும் வாசல்) வழியாக எல்லோருக்கும் போகும்.

டிராக்கபிள்: பட்டியலிலும் வராது, பெயரும் போகாது. ஆனால் புள்ளிகள் நேரத்தோடும் வரிசையோடும் போகும்.

பப்ளிக்: ஏபிஐ நேரத்தை மறைக்கும். ஆனால் உங்கள் பெயரோடு பட்டியலில் நிற்கும் டிராக்கின் மூல ஃபைலை யாரும் இறக்கலாம், அதற்குள் நேரம் அப்படியே இருக்கும்.

ஐடென்டிஃபயபிள்: பெயர், நேரம், வரிசை எல்லாமே வெளியே.

ஆக, எதைத் தேர்ந்தாலும் புள்ளிகள் வெளியே போகத்தான் செய்யும். பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவாவின் உலக வெப்ப வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பரில் வந்த அதில் யார் பெயரும் இல்லை. ஆனாலும் பாலைவனத்து ராணுவ முகாம்களின் ஓட்டப்பாதைகள் பளிச்சென்று தெரிவது 2018 ஜனவரியில் வெளிவந்தது. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் புள்ளியே ஆளைக் காட்டிவிடும். ஆறு வீடுகள் மட்டும் உள்ள முட்டுச்சந்தும் அப்படித்தான்.

என் தேர்வு பிரைவேட். ஆனால் வெட்டிய ஃபைலுக்கு மட்டும்.

3. பதிவை வீட்டில் தொடங்காதீர்கள்

பஸ் ஸ்டாப், டீக்கடை, மெயின் ரோடு முக்கு என ஊரே நிற்கும் இடத்தில் தொடங்குங்கள். முடிப்பது வேறொரு முக்கில். ஆஸ்மேண்டின் டிரிப் ரெக்கார்டிங் செட்டிங்ஸில், வழிகாட்டும்போது தானாகப் பதிவாகும் வசதி இருக்கிறது. அதை நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் நீங்கள் தொடங்காமலே வாசலிலிருந்து பதிவாகிவிடும்.

4. வெட்டுவது

ஜிபிஎஸ்பேபலில் இன்புட், அவுட்புட் இரண்டுக்கும் ஜிபிஎக்ஸைத் தேர்ந்து, அவுட்புட்டுக்குப் புதிய பெயர் கொடுங்கள். ஃபில்டர்ஸ் திறந்து, டிராக்ஸ் பகுதியில் ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டையும் டிக் செய்து, வைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தைக் கொடுங்கள்.

இங்கேதான் காலியான ஃபைல் வந்து நிற்கும். ஜிபிஎக்ஸில் நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், பதிவாகிறது. இந்தியாவும் இலங்கையும் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னே. காலை 6:40 என்பது ஃபைலில் 01:10. விடியற்காலை 5:10-க்கு நடந்திருந்தால் அது முந்தைய நாள் 23:40, தேதியே வேறு. பெட்டியின் பக்கத்தில் உள்ள டிஇசட் டிக், நீங்கள் தருவது கணினியின் உள்ளூர் நேரமா யூடிசியா என்பதைத் தீர்மானிக்கிறது. குழப்பமே வேண்டாம் என்றால் அதை எடுத்துவிட்டு, நோட்பேடில் பார்த்த நேரத்தை அப்படியே பார்த்து எழுதுங்கள்.

எவ்வளவு வெட்டுவது? வீட்டை நடுவில் வைத்துச் சரியாக 500 மீட்டர் வட்டம் போட்டு வெட்டாதீர்கள். நான்கைந்து டிராக்குகள் ஒரே வட்டத்தின் விளிம்பில் நின்றால், விளிம்பைக் கொண்டு மையத்தைக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. ஒருநாள் கோயில் முக்கு, மறுநாள் இரண்டு தெரு தள்ளி பள்ளிக்கூட வாசல் என்று ஒழுங்கில்லாமல் வெட்டுங்கள்.

நேரத்தையே அழித்துவிட்டால் என்ன என்று தோன்றும். நேரம் இல்லாத புள்ளிகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஏற்பதில்லை, அப்லோடு தோல்வியடையும். அதற்குப் பதில் அதே டிராக்ஸ் பகுதியில் உள்ள மூவ் மூலம் நாளையும் மணியையும் நகர்த்திவிடலாம். தெருவின் வடிவம் அதனால் மாறாது. வெட்டும் வேலையை முதலில் முடித்து, நகர்த்துவதைத் தனியாக இரண்டாம் முறை ஓட்டுங்கள். எந்த நேரத்தை வைத்து வெட்டுகிறோம் என்ற குழப்பம் வராது.

முடித்ததும் புதிய ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் வரைபடத்தில் பாருங்கள். இந்த ஒரு நிமிட வேலையை மட்டும் விடவே கூடாது.

5. பெயர்கள்

'வீடு-ஆபீஸ்' என்ற ஃபைல் பெயர், நீங்கள் வெட்டியதையெல்லாம் வீணாக்கிவிடும். ஃபைலுக்குள் இருக்கும் நேம், டெஸ்கிரிப்ஷன் வரிகளையும் பாருங்கள். சில செயலிகள் அங்கே போன் மாடலையும் எழுதிவைக்கின்றன.

6. கணக்கு

புரொஃபைலில் ஹோம் லொகேஷன் குறித்திருந்தால் அழித்துவிடுங்கள். பயனர் பெயர், இன்ஸ்டாகிராமில் உள்ளதாக இருக்கவேண்டாம். பிறகு மாற்றினாலும் கணக்கின் எண் மாறாது, பழைய தரவுத்தொகுப்புகளில் பழைய பெயரும் தங்கிவிடும்.

வரைபடத்தைத் திருத்தி அனுப்பும் ஒவ்வொரு தொகுப்பும் ஒரு சேஞ்ச்செட். அதுதான் டிராக்கைவிட அதிகம் காட்டிக்கொடுப்பது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் உங்கள் பெயர், நேரம், திருத்திய பரப்பு, குறிப்பு எல்லாம் பொதுவில் இருக்கும். மூடிய சேஞ்ச்செட்டின் குறிப்பை நீங்களே நினைத்தாலும் மாற்றமுடியாது. 'எங்க வீட்டுப் பின்தெரு' என்று எழுதாதீர்கள், 'விடுபட்ட தெரு' போதும். பாஸ்கல் நைஸ் என்பவர் உருவாக்கிய இணையக் கருவியில் ஒருவரின் பெயரைக் கொடுத்தால், அவர் எந்தப் பகுதியில் அதிகம் திருத்துகிறார் என்பது வரைபடமாகவே வந்துவிடும். அதனால் முதல் வாரமே சொந்தத் தெருவைத் திருத்தவேண்டாம். சாட்டிலைட் படத்தை வைத்துப் பிற ஊர்களிலும் வரையுங்கள், குவிமையம் கலைந்துவிடும்.

பிற்சேர்க்கை: ஸ்ட்ரீட்கம்ப்ளீட் பயன்படுத்துபவர்களுக்கு

தெருவில் உள்ளவை பற்றிக் கேள்வி கேட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை நிரப்பும் இந்தச் செயலி, நீங்கள் தெருவில் நின்று பதில் தரத்தரத் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்பது அந்த நேரமே பொதுவில் தெரிந்துவிடும். பெண்கள் தனியாகச் சர்வே போகும்போது இது மிக முக்கியம். செட்டிங்ஸில் தானியங்கி அப்லோடை நிறுத்திவிட்டு, வீடு திரும்பி, கொஞ்சம் தாமதித்து அனுப்புங்கள். ஏற்கெனவே வெட்டாமல் ஏற்றிய டிராக் ஏதாவது இருந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் 'மை டிரேசஸ்' பக்கத்தில் அதை நீக்கி, வெட்டிய ஃபைலை ஏற்றுங்கள். அதற்குள் யாராவது இறக்கியிருந்தால் அந்தப் பிரதி அவர்களிடம் இருக்கும். அதனால் இதைத் தள்ளிப்போடாமல் இன்றே செய்யுங்கள்.