வெளிமாநிலத்தில் வேலையா? பைக்குக்கு முதலில் என்ஓசி வாங்குங்கள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கமிருந்து புனே, ஐதராபாத் என்று வேலை கிடைத்துப் போகிற பிள்ளைகள் துணிமணி, சர்டிபிகேட் எல்லாம் சரியாக எடுத்து வைக்கிறார்கள். பைக் விஷயத்தில்தான் அசந்துவிடுகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்டிஓ தரும் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று தேவை. விண்ணப்பம், படிவம் 28. போன பிறகு இதற்காக லீவு கேட்டு ஓடி வருவது புது வேலையில் பெரிய தொல்லை. பழைய அபராதம் பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் பார்த்துக் கட்டிவிடுங்கள். வண்டி லோனில் இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் சம்மதமும் வேண்டும். அது இழுக்கும், ஆஃபர் லெட்டர் வந்த கையோடு கேட்டுவிடுங்கள்.

வண்டியை சென்ட்ரல் பார்சல் ஆபீசிலேயே ரயிலில் போடலாம். பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் கையில் இருக்கட்டும். சைடு கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், டேங்கைச் சுற்றி நன்றாகச் சாக்கு கட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் பிஎஃப். புது கம்பெனியில் பழைய யுஏஎன் எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுங்கள். குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்கிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கேஸ் ஏஜென்சியில் ஒப்படைத்து, மறக்காமல் அதற்கான சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட்டும் திரும்பக் கிடைக்கும், புது ஊரில் இணைப்பு வாங்கவும் அந்தச் சீட்டு உதவும்.