தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கப்படும்போது ஆட்சேபணை தெரிவிப்பது எப்படி

1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் நில உரிமையாளருக்கு ‘தரமாட்டேன்’ என்று சொல்லும் உரிமையை அளிக்கவில்லை. 3டி பிரிவின் கீழ் விளம்புகை (நிலம் எடுக்கப்படுகிறது என்ற இறுதி அரசிதழ் அறிவிப்பு) வெளியானவுடன் நிலம் வில்லங்கமின்றி மத்திய அரசைச் சேர்ந்துவிடும். எனவே அதற்கு முன் என்ன எழுதிக் கொடுத்தோம் என்பதே முக்கியம்.

நிலத்தை எடுக்கும் எண்ணத்தை அரசு முதலில் தெரிவிக்கும் 3ஏ பிரிவு அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபணை மனு கொடுக்கப்பட வேண்டும். நாளிதழ் விளம்பரத்தை யாராவது பார்த்துச் சொல்வதற்குள் நாட்கள் ஓடிவிடும் என்பதால், அரசிதழ்த் தேதியிலிருந்தே கணக்கிடுவது பாதுகாப்பானது. அறிவிப்பிலுள்ள புல எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றைப் பட்டாவோடும் புலப்படத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டா இன்னும் காலமான தந்தையின் பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றுக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

‘பரம்பரை நிலம், எடுக்க வேண்டாம்’ என்றே பலரும் எழுதுகிறார்கள். அது நியாயமான வேதனைதான். ஆனால் அதை ஒரே வரியில் நிராகரித்துவிடலாம். ‘சாலை குறுக்கே செல்வதால் கிணறு வடக்கிலும் பாசன நிலம் தெற்கிலும் துண்டுபடுகிறது, கிழக்கே புறம்போக்கு இருக்கிறது’ என்று வரைபடத்துடன் எழுதினால், அதற்குக் காரணம் காட்டாமல் கடந்துபோவது எளிதல்ல. நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரிக்கப்படும் வாய்ப்பை 3சி பிரிவு தருகிறது. அதையும் மனுவிலேயே கேளுங்கள். நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை பெறாமல் திரும்ப வேண்டாம், ஏனெனில் பின்னர் உயர் நீதிமன்றம் சென்றால் அந்த நகல்தான் பேசும்.

வழக்கை மட்டும் நம்பி இழப்பீட்டுக் கோப்பைக் கைவிடுவது ஆபத்து. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கான அறிவிப்புகளை உயர் நீதிமன்றம் 2019இல் ரத்து செய்தது; உச்ச நீதிமன்றமோ 2020 டிசம்பரில் அவை செல்லும் என்றது.

இழப்பீட்டுக்கு இப்போது 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டக் கணக்கே பொருந்துகிறது. வழிகாட்டி மதிப்பையும், முந்தைய மூன்றாண்டுகளில் அக்கம்பக்கத்தில் நடந்த கிரையங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். அதன் மேல் நூறு சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தக் கிரையப் பத்திரங்களின் நகல்களை நீங்களே வாங்கி வையுங்கள்; குறைந்த விலைப் பத்திரங்களைத் தேடி எடுக்க நிலமெடுப்பு அலுவலகமே போதும். மரங்கள், ஆழ்துளைக் கிணறு, குழாய்ப் பாதை ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் படமெடுத்து, அளவீட்டுக்கு வருபவரிடம் கொடுங்கள்.

தொகை போதாதென்றால் 3ஜி(5) பிரிவின்படி நடுவரிடம் (ஆர்பிட்ரேட்டர்) செல்லலாம். அவரை நியமிப்பதும் மத்திய அரசே. பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான் அவர். இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதல்ல என்றாலும், அந்தப் படியைத் தாண்டித்தான் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக முடியும். அதுவரை பணத்தை வாங்க மறுக்க வேண்டியதில்லை. ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.