இரண்டு மன்றம் ஒன்றானால்: வன்னியில் நாடகக் குழுவை நடத்துகிறவர் விடக்கூடாத பிழைகள்

இரண்டு நாடக மன்றங்களை ஒன்றாக்குவது ஒரு சனிக்கிழமை வேலை. பாடசாலை மண்டபத்தில் கதிரை போட்டு, இரண்டு பக்கத்துத் தலைவர்களும் கையெழுத்து வைத்து, வடை சாப்பிட்டு, பிளேன்ரீ குடித்து, ஒரு படமும் எடுத்தால் முடிந்தது. சங்கதி திங்கட்கிழமைதான் தொடங்கும். எங்களுக்கு அது இப்படித் தொடங்கியது: ஒரே மேடையேற்றத்துக்கு உதவி கேட்டு, ஒரே அலுவலகத்துக்கு, இரண்டு பழைய றப்பர் முத்திரை குத்திய இரண்டு கடிதங்கள் போயிருந்தன. இரண்டு செயலாளர்களிலும் பிழை இல்லை. பழைய முத்திரையைத் தாருங்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

வன்னியில் மன்றங்கள் சேருவது பெரும்பாலும் ஆசைப்பட்டு அல்ல, ஆள் இல்லாமல். ஒரு ஊரில் நல்ல மிருதங்கக்காரர் இருப்பார், பிற்பாட்டுக்குக் குரல் இருக்காது. அடுத்த ஊரில் பாட ஐந்து பேர் இருப்பார்கள், ராசா வேடம் கட்டுகிற பொடியன் கொழும்புக்கோ கட்டாருக்கோ போயிருப்பான். எங்களில் ஒரு பக்கம் முல்லைத்தீவுப் பக்கத்துக் கூத்துக்காரர். மற்றப் பக்கம் கிளிநொச்சிப் பக்கத்து மேடை நாடகக்காரர், இளம் ஆட்கள். அவர்களில் பலருடைய குடும்பம் 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியது. ஒருவர் காதில் கோவலன் கூத்துப் பாட்டு, இன்னொருவர் காதில் மலையகத்துக் காமன் கூத்தின் தப்பு மேளம்.

நான் விட்ட பிழைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரே பிழைதான். முதல் வாரமே ஒன்றாக்கியிருக்க வேண்டியவை முத்திரை, வங்கிக் கணக்கு, ஒத்திகைக்கு வரும் நேரம். அவற்றைப் பிறகு பார்ப்போம் என்று விட்டேன். சும்மா விட்டிருந்தால் தானாகச் சேர்ந்திருக்கக்கூடியவற்றைப் பிடித்து இழுத்து ஒன்றாக்கப் போனேன்.

முதல் நாடகத்தைத் தெரிவுசெய்த விதம்

எல்லோருக்கும் பொதுவானது எது என்று யோசித்துப் பண்டாரவன்னியனை எடுத்தேன். 1803இல் வெள்ளைக்காரனின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன், கற்சிலைமடுவில் அவனுக்கு நினைவுக்கல் இருக்கிறது, வன்னியில் இதற்கு யார் மறுப்புச் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் மறுக்கவில்லைதான். ஆனால் இரண்டு பக்கமும் அந்த நாடகத்தை முன்பே போட்டிருந்தது. இரண்டு கொப்பி, இரண்டு முடிவு, அவனைக் காட்டிக்கொடுக்கிற காக்கைவன்னியனுக்கு இரண்டு விதமான வரவுப் பாட்டு. ஒவ்வொரு வசனத்திலும் "எங்கட கொப்பியில இப்பிடி இல்லை" என்று ஒரு குரல் வந்தது. நான்கு வாரம் போய் நாங்கள் இரண்டாம் காட்சியைத் தாண்டவில்லை.

இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சொந்தம் கொண்டாடும் நாடகத்தை முதலில் எடுக்காதீர்கள். ஒருவருக்கும் தெரியாத புதிய நாடகம் எடுக்கலாம். இல்லையென்றால், எல்லோருக்கும் வாயில் கிடப்பதை எடுங்கள். நாங்கள் கடைசியில் காத்தவராயன் கூத்துக்கு வந்தோம். சிந்துநடை மெட்டைக் கேட்டால் வன்னியில் கடைக்காரரும் தாளம் போடுவார். அப்புறம், அந்தக் கூத்து வழமையாகவே ஒரு வழி வைத்திருக்கிறது: காத்தானுக்கு ஒரு ஆள் அல்ல. சின்னவனாய் வருகிறவர் ஒருவர், நடுவில் ஒருவர், விடியப்புறம் கழுமரம் ஏறுகிறவர் இன்னொருவர். கதாநாயகன் யார் பக்கம் என்ற சண்டையைக் கூத்தே பாதி தீர்த்து வைக்கிறது. பாதிதான். கழுவேறும் காத்தானுக்குத்தான் மரியாதை என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே சமபங்கு பார்க்காமல், விடியும்வரை தொண்டை நிற்கிறவரைப் போடுங்கள். அது யார் என்று ஒத்திகைக்கு வந்த எல்லோருக்கும் முதல் கிழமையே தெரிந்திருக்கும். தலைவருக்கு மட்டும் தெரியாத மாதிரி இருக்கக்கூடாது.

இன்னொன்று: சில ஊர்களில் காத்தவராயன் அம்மனுக்கு நேர்த்தி. அதை ஒரு மணித்தியாலப் போட்டிக்கு வெட்டப் போகிறீர்கள் என்றால், கோயிலடியில் ஆடுகிறவர்களிடம் முதலே கதைத்துவிட்டு வெட்டுங்கள்.

அண்ணாவியாரை ஆலோசகர் ஆக்குவது

என்னுடைய பெரிய பிழை இதுதான். கூத்துப் பக்கத்தில் அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிறவர், இருந்தார். மற்றப் பக்கத்தில் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற மாஸ்டர், நல்ல நெறியாளர். ஒரு குழுவுக்கு இரண்டு தலை எதற்கு என்று நினைத்து, மாஸ்டரை நெறியாளர் என்றும் அண்ணாவியாரை ஆலோசகர் என்றும் நோட்டீஸில் அடித்தேன். மரியாதையாகத்தான் செய்தேன். ஆனால் எங்கள் ஊர்களில் ஆலோசகர் என்றால் முன்வரிசையில் பொன்னாடையோடு இருக்கிறவர் என்று அர்த்தம்.

இரண்டு ஒத்திகைக்கு வந்தார். கதிரையில் இருந்தார். தாளத்தை மடியிலிருந்து எடுக்கவில்லை. மூன்றாவதுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, நெல்லு விலையைப் பற்றி நெடுநேரம் கதைத்தார். எழும்பும்போதுதான் சொன்னார்: "ஆலோசனை கேட்டு ஒருத்தரும் வரேல்லையே தம்பி."

அவர் வீட்டில் கொப்பி இல்லை. 2009இல் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. பாட்டுகள் அவர் தலைக்குள்தான் இருக்கின்றன. ஒரு வரியைத் தனியாகக் கேட்டால் வராது, முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் வரும். நான் மூலையில் இருத்தி வைத்தது குழுவின் முழுக் கொப்பியையும். அண்ணாவியார் என்பவர் வெறும் இயக்குநர் அல்ல. பாட்டு, ஆட்டம், தாளம், ஆளுக்கு வேடம் குறிப்பது, பிந்தி வந்தவரை ஏசுவது எல்லாம் அவர் கையில்தான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கர்ணன் போர், இராவணேசன் என்று விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை அண்ணாவியாராகவே பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கர்ணன் போரைச் செய்தார். பல்கலைக்கழகத்துப் பேராசிரியரே அப்படிச் செய்தார் என்றால் நாங்கள் எம்மாத்திரம்.

பிறகு வேலையைப் பிரித்தோம். பாட்டும் ஆட்டமும் அண்ணாவியார் சொல். மேடையில் நிற்கும் இடம், லைட், நேரம் மாஸ்டர் சொல். நோட்டீஸில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில், ஒரே வரியில். எது முந்தி என்று ஒரு சண்டை வரப் பார்த்தது. வயது முந்தி என்று மாஸ்டரே முடித்து வைத்தார்.

சுருதியும் இந்தக் கணக்கில்தான் வரும். கூத்துக்காரர் திறந்த வெளியில் எட்டுக் கட்டையில் பாடிப் பழகியவர்கள். மேடைக்காரர் மைக்குக்குப் பழகியவர்கள். நடுவில் ஒரு கட்டையைப் பிடிப்போம் என்று ஹார்மோனியக்காரரிடம் சொன்னேன். இரண்டு பக்கமும் சரியாகப் பாடவில்லை. அதை ஹார்மோனியக்காரரிடமே விட்டிருக்கலாம்.

தகரப் பெட்டி

கூத்துப் பக்கத்திடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே இரண்டு கிரீடம், மணி கோர்த்த வெல்வெட் உடுப்பு ஒன்று, மார்புப் பதக்கம், நாலைந்து சோடிச் சலங்கை. 2009 தொடக்கத்தில் சனம் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்துகொண்டிருந்தபோது அதை வளவுக்குள் தாட்டுவிட்டுப் போய், மீளக்குடியேறிய பிறகு கிண்டி எடுத்திருக்கிறார்கள். வெல்வெட்டில் ஒரு பக்கம் மண்ணிறக் கறை இன்னும் இருக்கிறது. அதைத் தைத்தவர் இப்போது இல்லை.

நான் நல்ல நிருவாகிபோல இருப்பேடு ஒன்று திறந்து, எல்லாவற்றையும் எண்ணி எழுதி, பெட்டிக்கு மேலே இருந்த பழைய மன்றத்தின் பெயருக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்துப் புதுப் பெயரை எழுதுவித்தேன். எழுதிய பொடியன் அழகாகத்தான் எழுதினான். அடுத்த நாள் பெட்டி மண்டபத்தில் இல்லை. யாரோ லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு மேடையேற்றத்தன்று பின்னேரம் அது தானாக வந்து இறங்கியது, பெயின்ற் சுரண்டப்பட்டு.

இருப்பேடு எழுதுங்கள், அது கட்டாயம். ஆனால் "யாருடையது" என்று ஒரு நிரல் வையுங்கள். சேர்ந்த பிறகு வாங்கியது பொது. முந்திக் கொண்டுவந்தது கொண்டுவந்தவருடையது, இங்கே பாவிக்கக் கிடக்கிறது. அவர்களாக ஒரு நாள் பொது என்று சொன்னால் சரி.

நடு இடமும் நல்ல நாளும்

வரைபடத்தைப் பார்த்து ஒத்திகைக்கு மாங்குளத்தைக் குறித்தேன். ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற இடம், இரண்டு பக்கத்துக்கும் நியாயம். அங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை. தேத்தண்ணி வைக்க ஆள் இல்லை, வேலியில் ஏறி நின்று பார்க்கிற சின்னன்கள் இல்லை, "என்ன இண்டைக்குக் குரல் கம்முது" என்று கேட்கிற கிழவி இல்லை. ஒருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் ஒத்திகை காய்ந்துபோனது. ஒரு கிழமை அங்கே, ஒரு கிழமை இங்கே என்று மாற்றிய பிறகுதான் ஆட்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டார்கள்.

நாள் குறிக்கும்போது வயலைக் கேளுங்கள். பெரும்போகத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பு. தை தொடக்கம் வெட்டு. வெட்டுக்கு முந்திய கிழமைகளில் ஆம்பிளைகள் இரவு காவல் கொட்டிலில். பன்றியும் யானையும் ஒத்திகை இருக்கிறது என்று வராமல் இருக்காது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தால் முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒருவரும் ஒத்திகைக்கு வரமாட்டார்கள், கூப்பிடவும் கூடாது. இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது வெட்டு முடிந்து வைகாசி வரையான காலம். வருடத்துக்கு ஒரு பெரிய நாடகம் போதும் என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும். இரவு ஒத்திகை என்றால், காட்டுப் பாதையால் மோட்டார் சைக்கிளில் திரும்புகிறவர் இருக்கிறார் என்பதை மனதில் வைத்து நேரத்தோடு விடுங்கள்.

பெண் பிள்ளைகள் விடயத்திலும் நேரம்தான் முதல் கேள்வி. தாய் தகப்பன் கேட்பதற்கு முதல் யார் கூட்டிவருவது, யார் கொண்டுபோய் விடுவது என்று எழுதி வாட்ஸ்அப்பில் போடுங்கள். அதைவிடச் சிக்கலானது ஒன்று எங்களுக்கு வந்தது. கூத்துப் பக்கத்தில் நெடுங்காலமாகக் காத்தவராயனின் காதலி ஆரியமாலை வேடம் கட்டிய ஒருவர் இருந்தார், மீசை வைக்காத மனிசன். மேடைப் பக்கத்தில் அதற்கு ஒரு பிள்ளை இருந்தாள். காலம் மாறிவிட்டது என்று ஒரே வரியில் அவரிடம் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. நல்ல காலம், அந்தப் பிள்ளைக்கு என்னைவிடப் புத்தி இருந்தது. அவரிடம் போய், "மாமா, தலைப்பை எப்பிடிப் பிடிக்கிறது?" என்று கேட்டாள். அவர் சாரத்தின் மேல் ஒரு துவாயைச் சுற்றி, இரண்டு விரலால் நுனியைப் பிடித்து, தோளை ஒரு பக்கம் சாய்த்துத் திரும்பிக் காட்டினார். மண்டபம் முழுக்க அமைதி. அந்தத் திரும்பலைத்தான் அவள் இப்போதும் ஆடுகிறாள்.

காசு பற்றிக் கனக்கச் சொல்ல இல்லை. பழைய கணக்குகளை மூடிப் புதிதாக ஒன்று திறங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரே ஊரில் இருக்கக்கூடாது. சேருவதற்கு முதல் சவுண்ட்காரருக்கும் கொட்டகைக்காரருக்கும் இருந்த கடனைக் கேட்டு எழுதுங்கள். ஒருவரும் தானாகச் சொல்லமாட்டார். எங்களுக்கு அது மேடையேற்றத்தன்று மைக் கட்ட வந்தவர் வாயால் தெரியவந்தது.

போன வருடம் கூட்டத்தில் கழுமரத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. இரண்டு பக்கத்திடமும் ஒவ்வொன்று இருக்கிறது. ஒன்றில் படி அதிகம், மற்றது உறுதி கூட. இரண்டு எதற்கு, ஒன்றை விற்போம் என்று பொருளாளர் சொன்னார். முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல், கழுமரத்தை ஏற்றி இறக்குகிற கூலிக்கு அதை வைத்திருப்பதே மலிவு என்று நான் சொன்னேன். இரண்டும் அந்தந்த ஊரில், தாழ்வாரத்துக்குக் கீழே, மழை படாமல் கிடக்கின்றன.