மின்சேமிப்பில் அறுந்துபோகும் பிணைய அட்டை: லினக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியைச் சற்று நேரம் தொடாமல் விட்டுத் திரும்பினால் இணைப்பு போயிருக்கிறது. மறுதொடக்கம் செய்தால் வந்துவிடுகிறது. சில மணி நேரத்தில் மீண்டும் போகிறது. இந்த நிலையில் அவசரப்பட்டுச் செய்யும் அந்த மறுதொடக்கமே முதல் தவறு. இணைப்பு அறுந்த கணத்தில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தன் பதிவில் எழுதிய வரிகளே நமக்குக் கிடைக்கும் நேரடியான சாட்சி. பதிவுகளை வட்டில் சேமிக்காதபடி அமைந்த கணினியில் அவை மறுதொடக்கத்தோடு அழிந்துவிடும். பிசிஐஇ இணைப்பு (அட்டையைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் தடம்) இழக்கப்பட்டது, சாதனம் பிரிக்கப்பட்டது என்ற பொருளில், இன்டெல்லின் கம்பிவழி அட்டைகளை இயக்கும் ஐஜிசி டிரைவர் எழுதியிருந்தால், அட்டையோடு பேசும் வழியே கர்னலுக்கு அற்றுப்போயிருக்கிறது என்று பொருள். அட்டை நலமாக இருந்து, ரூட்டருடனான வைஃபை தொடர்பு மட்டும் விட்டுப்போவது முற்றிலும் வேறு சிக்கல். இரண்டையும் பிரித்தறியாமல் டிரைவரை நீக்கி நிறுவிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

மின்சேமிப்பு என்பது ஒரே சுவிட்ச் என்று எண்ணுவது அடுத்த தவறு. வைஃபை அட்டை ரூட்டரின் அறிவிப்புகளுக்கு இடையே வானொலிப் பகுதியை உறங்கவிடுவது ஒரு அடுக்கு. பிசிஐஇ இணைப்பையே தாழ்நிலைக்குக் கொண்டுசெல்லும் ஏஎஸ்பிஎம் இன்னொன்று. சாதனத்தை முழுவதுமாக உறங்கவைக்கும் கர்னலின் இயக்கநேர மின்மேலாண்மை மூன்றாவது. யூஎஸ்பி அடாப்டர் என்றால் தானியங்கி உறக்கமும் சேர்ந்துகொள்ளும்; அதற்கான இயல்புக் காத்திருப்பு 2 விநாடிதான். கம்பிவழி அட்டையில் எத்தர்நெட்டின் ஆற்றல் சிக்கன முறை தனியாக இருக்கிறது; அதை எத்டூல் கட்டளை கொண்டு நிறுத்தலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைத்தால் சிக்கல் தீரக்கூடும், ஆனால் எது காரணம் என்று ஒருபோதும் தெரியாது. மடிக்கணினியின் பேட்டரியும் காரணமின்றி வீணாகும்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது ஏஎஸ்பிஎம் பற்றியது. கணினி தொடங்கும்போது கர்னலுக்குத் தரும் அளவுருவில் ஏஎஸ்பிஎம்மை ஆஃப் என்று கொடுத்தால் அது அணைந்துவிடும் என்றே பலரும் நம்புகிறார்கள். அந்தச் சொல் கர்னலுக்குச் சொல்வது, இந்த அமைப்பைத் தொடாதே என்பதை மட்டுமே. ஃபர்ம்வேர் (தாய்ப்பலகையில் பதிந்த அடிப்படை மென்பொருள்) ஏற்கெனவே அதை இயக்கி வைத்திருந்தால் அது அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும். நாமோ அந்த வழியைச் சோதித்து முடித்துவிட்டதாக எண்ணி வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். உண்மையில் அணைக்க வேண்டுமானால் ஏஎஸ்பிஎம் கொள்கையை பெர்ஃபார்மன்ஸ் என்று அமைக்க வேண்டும், கர்னல் 5.5 முதல் சிஸ்எஃப்எஸ் (கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாக அந்த ஓர் அட்டைக்கு மட்டும் எல்1 என்ற தாழ்நிலையைத் தடுக்கவும் முடியும். ஃபர்ம்வேர் அந்த உரிமையைக் கர்னலுக்குத் தராத கணினியில் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள்தான் செல்ல வேண்டும். எதைச் செய்தாலும், நிர்வாகி உரிமையுடன் எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டை எடுத்து, இணைப்புக் கட்டுப்பாட்டு வரியில் ஏஎஸ்பிஎம் முடக்கப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். அந்தக் கர்னல் அளவுருவில் ஃபோர்ஸ் என்ற மதிப்பைக் கொடுக்கவே வேண்டாம். அது ஏஎஸ்பிஎம்மைக் கட்டாயமாக இயக்கும், கணினியே உறைந்துபோகலாம்.

மதிப்புகளைத் தலைகீழாகப் படிப்பதும் அடிக்கடி நடக்கிறது. சிஸ்எஃப்எஸில் சாதனத்தின் பவர் கோப்புறையில் உள்ள கண்ட்ரோல் கோப்பில் ஆன் என்று இருந்தால் சாதனம் எப்போதும் விழித்திருக்கும். ஆட்டோ என்று இருந்தால்தான் உறங்க அனுமதி. பிணைய இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் வைஃபை மின்சேமிப்பை நிறுத்தும் எண் 2, இயக்கும் எண் 3. நிறுத்துவதாக நினைத்து 0 எழுதினால் இயல்பு அமைப்புதான் தொடரும்.

ஐடபிள்யூ கட்டளையால் வைஃபை மின்சேமிப்பை நிறுத்தியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த மாற்றம் மறுதொடக்கத்தைத் தாண்டாது. நெட்வொர்க்மேனேஜர் மீண்டும் இணைக்கும்போது தன் அமைப்பை அதன்மேல் எழுதிவிடலாம். டிஎல்பி போன்ற மின்சேமிப்புக் கருவி நிறுவப்பட்டிருந்தால், மின்கம்பியைக் கழற்றிப் பேட்டரிக்கு மாறும் கணத்திலேயே மதிப்புகளை மாற்றிவிடும். ஆகவே மாற்றத்தை நிரந்தர அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். பேட்டரியில் இயங்கும்போதும் மதிப்பைப் படித்துப் பாருங்கள்.

சோதிக்கும் முறையிலும் பிழை நுழைகிறது. மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை இடைவிடாமல் ஓடவிட்டு, இரவு முழுதும் அறுபடவில்லை என்று மகிழ்வோர் உண்டு. ஓயாத போக்குவரத்தே சாதனத்தை உறங்கவிடாமல் தடுத்திருக்கலாம். அப்படியானால் பிழை தோன்றும் நிலையே உருவாகவில்லை. ஒரு மாற்றத்தைச் செய்து, முன்பு அறுந்தது போன்ற ஓய்வான நேரத்தை அதே பேட்டரி நிலையில் கொடுத்து, பின்னர் ஒரு முறை மட்டும் பிங் அனுப்பிப் பாருங்கள்; பதில் வந்தாலும் வராவிட்டாலும் கர்னல் பதிவை அந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.